டயர் நான் பார்த்தது, காற்று அவள் வைத்தது

1

இந்த மாதத்தோடு நான் நியூசிலாந்துக்கு வந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. ஆறாம் கிளாஸைத் தாண்டாதவன் நான். ஆனால் இந்த ஹாமில்டன் ஊரைச் சுற்றியிருக்கிற பால் பண்ணைகளில் போய்க் கேட்டுப் பாருங்கள், மாடு நிற்கிற கம்பித் தடுப்பில் யார் வைத்த வெல்டிங் இன்னும் விடாமல் நிற்கிறது என்று. முனுசாமி வைத்தது என்பார்கள். முனுசாமி என்று முழுசாகச் சொல்ல வராது, "மூனோ" என்பார்கள். பேரை எப்படிக் கடித்துத் துப்பினால் என்ன, வேலையைக் குறை சொல்ல ஒருத்தன் கிடையாது.

வருஷா வருஷம் இந்த மாதம் வந்தால் முதல் நாள் ஏர்போர்ட்தான் ஞாபகத்துக்கு வரும். அம்பத்தூரில் எங்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த ஆள் ஒரே ஒரு புத்திமதி சொல்லி அனுப்பினார். "பிளைட்ல ஒரு பாரம் குடுப்பான். இன்னா கேட்டாலும் 'நோ'ல டிக் அடிச்சிகினே போ. 'எஸ்'னு போட்ட, உன்ன உக்கார வச்சிடுவான்." இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவனுக்கு இதைவிடச் சுலபமான வழி என்ன வேண்டும்? மேலிருந்து கீழ் வரைக்கும் நோ, நோ, நோ. என் மனைவி சரோஜா துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டி வைத்திருந்த மாவடு ஜாடியைப் பெட்டியிலிருந்து எடுத்த அதிகாரி, மாவடுவை ஒரு தரம் பார்த்தார், என் பாரத்தை ஒரு தரம் பார்த்தார். மாவடு குப்பைக்குப் போனது. எனக்கு அரைமணி நேரம் திட்டு. ஒரு வார்த்தைகூடப் புரியாததால் நான் சிரித்துக்கொண்டே நின்றேன்.

மாவடு போனதே தவிர அந்தப் பழக்கம் போகவில்லை. யார் எதைக் கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது 'இல்லை'. டாக்டர் வலிக்கிறதா என்றால் இல்லை. பேங்க்காரர் ஏதாவது சந்தேகம் உண்டா என்றால் இல்லை. சரோஜா குழம்பில் உப்புக் கம்மியா என்றால் அதற்கும் இல்லை. இப்படி இல்லை இல்லை என்றே சொந்தப் பட்டறை, சொந்த வீடு எல்லாம் வந்துவிட்டது. அதனால் அது நல்ல பழக்கம் என்றே நினைத்திருந்தேன், போன ஜனவரி வரைக்கும்.

2

எனக்கு ஒரே மகள், கலைச்செல்வி. அண்ணனூரில் பிறந்தவள். ஆறு வயசு வரைக்கும் என் சைக்கிள் பாரில் துண்டு சுற்றி உட்கார்ந்து, ரயில் ஷெட்டில் நிற்கிற வண்டிகளை எண்ணிக்கொண்டே வருவாள். இப்போது வெலிங்டனில் பாலம் கட்டுவதற்குக் கணக்குப் போடுகிற வேலை. லீவு கிடைத்தால் சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு மலை, காடு என்று நாலைந்து நாள் காணாமல் போய்விடுவாள்.

அவள் தமிழில் ஒரு விசேஷம் உண்டு. எல்லாரையும் 'நீ' என்பாள். கோயில் குருக்களையும் நீ, எண்பது வயசுப் பெரியவரையும் நீ. தப்பு அவள் மேல் இல்லை. வீட்டில் நாங்கள் அவளிடம் "நீ சாப்ட்டியா, நீ எப்ப வர்ற" என்றுதானே பேசினோம்? காதில் விழுந்ததை ஊருக்கெல்லாம் திருப்பிக் கொடுக்கிறாள். இங்கே தமிழ்ச் சங்கத்தில் நாலு பேர் முகம் சுளித்திருக்கிறார்கள்.

ரெண்டு வருஷத்துக்கு முன் பட்டறையில் ஏணியிலிருந்து விழுந்தேன். மணிக்கட்டில் விரிசல். நாலு நாள் யாருக்கும் சொல்லாமல் இடது கையால் வேலை செய்தேன். கலை போனில், "அப்பா, குரல் ஒரு மாதிரி இருக்கே, என்ன?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன். அஞ்சாம் நாள் சரோஜா வழியாக விஷயம் போய், அவள் வெலிங்டனிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்தாள். மணிக்கட்டில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். அதற்கப்புறம் போனில் எனக்குக் கிடைத்ததெல்லாம் 'ம்' மட்டும்தான். ஒரு வருஷத்துக்கு மேல், 'ம்'.

அப்படிப்பட்டவள் போன தீபாவளிக்குக் கூப்பிட்டாள். "அப்பா, ஜனவரியில் சென்னைக்குப் போலாம். நான் பொறந்த இடத்தை சைக்கிள்ல பாக்கணும். அண்ணனூர்ல கிளம்பி, பூண்டி ஏரி. அடுத்த நாள் கால்வாய்க் கரை மேலேயே செம்பரம்பாக்கம் வந்து பூந்தமல்லி. நீ என்கூட வர்றியா?"

அறுபத்துநாலு வயசில் என்னைப் பார்த்து வர்றியா என்று கேட்டது யார்? என் மகள். நான் உடனே ஆமாம் என்றேன். வாழ்க்கையில் யோசிக்காமல் சொன்ன ஒரே ஆமாம்.

"ஆனா ஒரு ரூல். வழியில நான் என்ன கேட்டாலும் உண்மையச் சொல்லணும். வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு. 'ஒண்ணுமில்ல' கிடையாது. ஒரு தடவ பொய் சொன்னா நான் தனியாப் போயிடுவேன். அப்புறம் உன்னைக் கூப்பிடவே மாட்டேன்."

அவள் சொன்னால் செய்வாள். அந்தப் பிடிவாதம் என்னிடமிருந்து போனதுதான்.

3

பூந்தமல்லியில் காதர் பாய் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். என் வயசுக்காரர். அம்பத்தூர் பக்கத்துப் பாடியில் நாங்கள் ரெண்டு பேரும் இருபது வயசில் பட்ட பாடு எங்கள் ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நான் ஃபவுண்டரியிலிருந்து இரும்பு வார்ப்புகளைச் சாக்கில் கட்டி, சைக்கிள் கேரியரில் ஏற்றி அம்பத்தூர் எஸ்டேட் லேத் பட்டறைகளுக்குக் கொண்டுபோவேன். காதர் வழியில் பஞ்சர் கடையில் வேலை. போகும்போது நிறுத்தி, ரெண்டு டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். விரல் கொஞ்சம் உள்ளே போனாலும் விடமாட்டார். லோடு இருக்கிற வண்டியில் காற்று இறங்கினால் ரிம் டியூபைக் கடித்துவிடும். நடுரோட்டில் சாக்கோடு நிற்க வேண்டியதுதான். அதனால் டயர் கல்லு மாதிரி இருக்கவேண்டும். தட்டினால் டங்கென்று கேட்கவேண்டும். அதுதான் எங்கள் சட்டம்.

அந்தக் கடைக்குத்தான் எங்கள் சைக்கிள் ரெண்டும் அட்டைப் பெட்டியில் வந்து இறங்கின. கூடவே கலை ரெண்டு வண்டிக்கும் ஆகிற மாதிரி மூன்று வகை டயர் கொண்டுவந்திருந்தாள். ஒன்று ஒல்லி, வழவழப்பு. ஒன்று தடி, மேலெல்லாம் முரட்டுப் பல். ஒன்று ரெண்டுக்கும் நடுவில்.

காதர் தடியனைத் தூக்கிப் பார்த்தார். "இன்னா நைனா இது, முதலைத் தோலாட்டம் கீது!"

"அப்பா," என்றாள் கலை, "சைக்கிள்ல உனக்குத் தெரியாதது இல்லன்னு சொல்வியே. ரோட்டைப் பாத்துட்டு வா. நீ சொல்ற டயரைத்தான் மாட்டுவேன்."

காதரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஒரு பகல் முழுக்கச் சுற்றினேன். மூன்று இடத்தில் இறங்கிக் குந்தினேன். ரோட்டைப் பார்க்கிறவன் ஏமாந்துபோவான். ரோட்டில் மற்றவன் வண்டி விட்டுப்போன தடத்தைப் பார்க்கவேண்டும். ஆவடி தாண்டும் வரைக்கும் நல்ல தார். முத்தாபுதுப்பேட்டைக்கு அப்பால் ஜல்லி கொட்டி, தார் ஊற்றாமல் விட்டிருந்தார்கள். கால்வாய்க் கரையில் மழையில் டிராக்டர் உழுதுபோட்ட தடம் காய்ந்து இறுகிக் கிடந்தது, ஓரமெல்லாம் வேலிக்காத்தான் முள்.

திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னேன். "ஒல்லி வேணாம். ஜல்லி இடுக்குல மாட்டிக்கும். முதலையும் வேணாம். முக்காவாசி தாரு. அந்தப் பல்லெல்லாம் தார்ல குர்ர்ருன்னு உராய்ஞ்சு நம்ம தெம்பத் தின்னுடும். நடுவுல இருக்கறதைப் போடு. முதுகு வழவழப்பா இருக்குது, தார்ல ஓடும். தோள்ல மட்டும் சின்னப் பல்லு இருக்குது. மண்ணுல வண்டி அமுங்கும்போதும் சாயும்போதும் அது பிடிச்சுக்கும்."

"அதுலயே ரெண்டு வகை இருக்கு. இது லேசு. இன்னொண்ணு முள்ளு ஏறாம உள்ள ஒரு பட்டை வச்சது, வெயிட் ஜாஸ்தி. நான் லேசானதைத்தான் நினைச்சேன்."

"பட்டை வச்சதுதான். வேலிக்காத்தானுக்கு நீ யாருன்னு தெரியாது."

கலை என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு வருஷம் கழித்து வந்த சிரிப்பு. அதை வாங்கிக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

4

அவளே மாட்டினாள். கையாலேயே, ஒரு லீவரும் இல்லாமல். காற்றடித்து, அதை அளக்கிற சின்ன கேஜை வைத்துப் பார்த்து, முப்பத்தஞ்சில் நிறுத்தினாள். பிறகு காதர் வீட்டம்மா சாப்பிடக் கூப்பிட, பின்னால் வீட்டுக்குள் போனாள்.

நான் மெதுவாக டயரை அழுத்தினேன். கட்டைவிரல் உள்ளே போயிற்று.

காதரும் அழுத்தினார். என்னைப் பார்த்தார். "பொண்ணு காத்தே அடிக்கல போலகீதே."

"படிச்ச பொண்ணு. கணக்குப் போட்டுத்தான் வச்சிருக்கும்."

"கணக்கு ரோட்டுக்குத் தெரியுமா? ஊடு திரும்பறதுக்குள்ள ரிம்மு கடிச்சிடும் மாமே. கூடாரம், பை, அத்தனையும் லோடு."

லோடு என்ற வார்த்தையைச் சொன்னார் பாருங்கள், அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. அவர் கம்ப்ரசரை ஓடவிட்டார். வால்வு மூக்கு நம்ம ஊர் மாதிரி இல்லாமல் ஒல்லியாக இருந்தது. அதற்கு மாட்டுகிற பித்தளைக் குப்பி கலையின் பையிலேயே இருந்தது, எடுத்துக் கொடுத்தவன் நான். நாலு சக்கரத்துக்கும் அடித்தோம். காதர் ஸ்பானரால் தட்டினார். டங். மறுபடி தட்டினார். டங். இருபது வயசில் கேட்ட சத்தம். குப்பியைப் பையில் பழைய இடத்தில் வைத்துவிட்டு, நல்ல பிள்ளைகளாகப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தோம்.

பிள்ளைக்கு நல்லது செய்துவிட்டோம் என்று நினைத்தோமே தவிர, ஒளித்துச் செய்தோம் என்று தோன்றவே இல்லை.

5

மறுநாள் காலை அண்ணனூர் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து கிளம்பினோம். தார் ரோட்டில் வண்டி பறந்தது. என் முட்டியும் பறந்தது, பொய் சொல்லவில்லை. ஆவடி குவார்ட்டர்ஸ் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முத்தாபுதுப்பேட்டையில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். கலை டீ மாஸ்டரைப் பார்த்து, "நீ எனக்குச் சர்க்கரை இல்லாம ஒண்ணு குடு" என்றாள். நான் சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தேன். மாஸ்டர் ஐம்பது வயசு ஆள்.

அவர் முகம் மலர்ந்துபோயிற்று. "இன்னா தங்கச்சி, நம்ம ஏரியாவா? டிரெஸ்ஸப் பாத்து நான் வேற எங்கியோன்னு நெனச்சேன்!"

"அண்ணனூர்," என்றாள் கலை.

"அதான பாத்தேன், பேச்சே சொல்லுதே." டீயை ரெண்டு ஆற்று கூடவே ஆற்றிக் கொடுத்தார். இருபத்தேழு வருஷம் தமிழ்ச் சங்கம் முகம் சுளித்த தமிழுக்கு இங்கே ஸ்பெஷல் டீ.

டீயைக் குடித்துக்கொண்டே அவள் யோசனையாகச் சொன்னாள். "வண்டி இன்னைக்கு ஒரு மாதிரி ஓடுது. கையெல்லாம் அதிருது. அப்பா, நீ காத்து ஏதாவது அடிச்சியா?"

"நானா? இல்லையே."

யோசிக்கவே இல்லை. டீக் கிளாஸ் வாயில் இருக்கும்போதே வந்துவிட்டது. அவள் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தாள். அப்போதே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஹெல்மெட் மாட்டுகிற நேரம் இருந்தது. சொல்லவில்லை.

கொஞ்ச தூரத்தில் ஜல்லி வந்தது. அவள் முன்னால், நான் பின்னால். கல் மாதிரி இருந்த டயர் ஒவ்வொரு கல்லின் மேலேயும் குதித்தது. ஒரு வளைவில் அவளுடைய முன்சக்கரம் பிடி இல்லாமல் வழுக்க, இடது பக்கமாகச் சாய்ந்து விழுந்தாள்.

நான் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓடிப்போய் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து டயரைத் தொட்டேன்.

பூக்கூடையோடு பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மா ஓடிவந்து கத்தினார்: "யோவ் பெருசு! பொண்ணு கீழ கெடக்குது, நீ டயரைத் தடவிகினு கீறியே!"

கலை முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். சிராய்ப்புதான், ரத்தம் மண்ணோடு கலந்து வழிந்தது. அந்த அம்மா தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கழுவிவிட்டார். கலை அவரைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் டயர் மேலேயே இருந்தது. மெதுவாக எட்டி, தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். உள்ளே போகவில்லை.

"அப்பா."

வாய்க்குள் 'ஒண்ணுமில்ல' வந்து நின்றது. நாக்கு நுனியில் நின்றது. பூந்தமல்லி வரைக்கும் போகவேண்டிய பயணம், அதற்கப்புறம் எத்தனை வருஷம் 'ம்' கேட்கவேண்டியிருக்கும், எல்லாம் அந்த ஒரு நொடியில் தெரிந்தது.

"நான்தாம்மா. நானும் காதரும்."

"டீக்கடையில கேட்டேனே."

"கேட்ட. நான் பொய் சொன்னேன்."

இந்த மூன்று வார்த்தையை இந்த வாயால் அதுவரைக்கும் நான் சொன்னதில்லை. சரோஜாவிடம் கேட்டுப் பாருங்கள்.

"எவ்வளவு வச்சீங்க?"

"தெரியாது. டங்குன்னு கேக்கற வரைக்கும்."

அவள் ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கிளம்பித் திரும்பிப் போகவேண்டியதுதான் என்று நினைத்து என் வண்டியை நிமிர்த்தினேன். அப்போது அவள் சொன்னாள்: "டங்கா?" உதடு ஓரம் கொஞ்சம் அசைந்தது. "நல்லவேளை, உண்மையச் சொன்ன. என்னுதுல நான் இறக்கறேன். உன் சக்கரத்துல நீ காத்த இறக்கு. நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

குந்தி உட்கார்ந்து வால்வை அழுத்தினேன். புஸ்ஸென்று போனது. ஒவ்வொரு புஸ்ஸுக்கும் என் உயிரே போகிற மாதிரி இருந்தது.

"போதுமா?"

"இன்னும்."

"ரிம் கடிக்கும்மா."

"கடிக்காது. டயர் அகலம். கல்லு வந்தா அது அமுங்கி வழி விடும். குதிக்காது." பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்: "நீ இப்ப லோடு ஏத்தலப்பா."

நான் தலையை நிமிர்த்தவில்லை. வால்வையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜல்லித் தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று எழுதினால் அவள் படித்துவிட்டு ரூல் பேசுவாள். அதனால் எழுதவில்லை.

பூக்கார அம்மா கூடையிலிருந்து ஒரு முழம் கிள்ளி, கலையின் சைக்கிள் ஹேண்டிலில் கட்டிவிட்டார். "போய்ட்டு வா கண்ணு. பெருச முன்னாடி விடு, கண்ணுல படற மாதிரி."

காற்று இறங்கிய வண்டியில் ஏறி அந்த ஜல்லியைத் தாண்டினேன். எனக்கே நம்ப முடியவில்லை. கல் மேல் போகிறோமா, நெல் மேல் போகிறோமா என்று தெரியாமல் போனது. பூண்டிக்குப் போய்ச் சேர்ந்ததும் காதருக்குப் போன் போட்டேன்.

"நானும் காதரும்னா சொன்ன? உன் பேரோட நிறுத்திகினு இருக்கலாமே மாமே!" என்று அவர் கத்தினார். "நாளைக்கு அந்தப் பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"பிரியாணியோட முழி," என்றாள் கலை, போனைப் பிடுங்கி. "நீ பண்ணதுக்கு ரெண்டு பிளேட்."

மறுநாள் கால்வாய்க் கரை. வேலிக்காத்தான் முள் எங்கள் ரெண்டு பேர் டயரிலும் ஏறியது. ஒரு பஞ்சர் கூட இல்லை. என் பின்சக்கரத்திலிருந்து ஒன்றைப் பிடுங்கினேன், சுண்டுவிரல் நீளம். பட்டையில் மோதி முனை மழுங்கிப்போயிருந்தது. கலையிடம் காட்டினேன். "லேசான டயர் போட்டிருந்தா?" என்றேன்.

"நடந்துகிட்டு இருப்போம்," என்று ஒத்துக்கொண்டாள். அந்த முள்ளைப் பேப்பரில் சுற்றிப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். ஹாமில்டனில் நாலு பேருக்குக் காட்டவேண்டாமா?

6

திரும்பி வரும்போது பிளைட்டில் அதே மாதிரி பாரம். இப்போது படிக்கத் தெரியும், மெதுவாக. செடி, விதை, மண் ஒட்டிய சாமான் உண்டா என்கிற இடத்தில் பேனாவை வைத்தேன். 'எஸ்' போட்டேன்.

பக்கத்துச் சீட்டில் கலை எட்டிப் பார்த்தாள். "எதுக்கு? சைக்கிளைத்தான் காதர் கடையில பல்லு விளக்கற பிரஷ் போட்டுக் கழுவினோமே."

"சைக்கிளைக் கழுவினது சரிதான். இது வேற," என்றேன்.

ஆக்லாந்தில் எங்களைத் தனி வரிசையில் நிறுத்தினார்கள். அந்த அம்பத்தூர் டிக்கெட்காரர் சொன்னது சரிதான், உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு வயசான அதிகாரி வந்து சக்கரத்தைத் திருப்பிப் பார்த்து, டயர் பல்லுக்குள் விளக்கடித்துப் பார்த்து, சுத்தம் என்றார். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார்.

நான் பர்ஸைத் திறந்து பேப்பரைப் பிரித்தேன்.

அவர் அந்த முள்ளை இடுக்கியால் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். இதுவா டயரில் ஏறியது, காற்றுப் போகவில்லையா என்றார். இல்லை என்றேன். டயர் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அவரும் சைக்கிள் ஓட்டுகிறவராம். முள்ளை ஒரு பையில் போட்டு ஒட்டி, சொன்னதற்கு நன்றி என்று கை கொடுத்தார். இருபத்தேழு வருஷத்துக்கு முன் திட்டு வாங்கிய அதே ஏர்போர்ட்.

வெளியே வந்து அட்டைப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். "உன் டயர் ஜெயிச்சதுக்கு இருந்த ஒரே சாட்சி போச்சேப்பா," என்றாள் கலை.

"நீ பாத்தல்ல. போதும்."

தள்ளுவண்டியைக் கார் நிறுத்துமிடத்துப் பக்கம் திருப்பினாள். பிறகு, "ஈஸ்டருக்கு எனக்கு லீவு. தெற்குத் தீவுல ஒரு சரளை ரோடு, மலை மேல. நாலு நாள். டயர் நீ பாரு, காத்து நான் வைக்கிறேன். வர்றியா?"

"வரேன்," என்றேன். ரெண்டு எட்டு வைத்தேன். "ஆனா வலது முட்டி வலிக்குது. பூண்டியிலிருந்தே வலிக்குது."

கலை வண்டியை நிறுத்திவிட்டாள். என் முட்டியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், போகிற வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி.

"அப்போ மூணு நாள்," என்றாள்.